கேளுங்கள்... சொல்கிறோம்: ஏரிக்கரையில் பேட்டரி சைக்கிள் போகலாமா?

பேட்டரி சைக்கிள் கிராமத்துக்குள் வந்துவிட்டது. பால் ஊற்றப் போகிறவர்கள், கீரைக்கட்டு கொண்டு போகிறவர்கள், முழங்கால் வலியால் மிதிக்க முடியாதவர்கள் எல்லோருக்கும் அது ஒரு கை கொடுத்திருக்கிறது. கூடவே சண்டையும் வந்திருக்கிறது. தார் ரோட்டில் யாரும் கேட்பதில்லை. ஏரிக்கரை, வாய்க்கால் கரை, காட்டுப் பாதை போன்ற பொது இடங்களில்தான் "இது சைக்கிளா, வண்டியா?" என்ற கேள்வி எழுகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு இதைப் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த நான்குக்கும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

கேள்வி: "இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன். சொசைட்டிக்கு ஏரிக்கரை வழியாகப் போனால் ஒன்றரை கிலோமீட்டர், ரோட்டைச் சுற்றிப் போனால் ஐந்து கிலோமீட்டர். கால் வலி என்று மகன் பேட்டரி சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். போன மாதம் ஒரு பையன் பேட்டரி வண்டியில் வேகமாக வந்து, மாடு ஓட்டி வந்த பெரியவர்மேல் மோதிவிட்டான். அவருக்கு இடுப்பில் அடி. அதிலிருந்து கரையில் எந்த வண்டியும் வரக்கூடாது என்று ஆயக்கட்டுக்காரர்கள் குறுக்கே கல் நட்டுவிட்டார்கள். வண்டி போனால் கரையும் கெடும் என்கிறார்கள். அந்தப் பையன் வண்டியும் என் வண்டியும் ஒன்றா? காலையில் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் சொசைட்டியில் பால் எடுத்து முடித்துவிடுகிறார்கள். மாட்டை விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது."
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: மாட்டை விற்க வேண்டாம், சகோதரி. இதற்கு வழி இருக்கிறது. ஆனால் கல் நட்டவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்வு நிற்கும்.

முதலில் வண்டி. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் உள்ள இரு சக்கர வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான் இருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனத்தின் சான்றும் வேண்டும். இந்த அளவுக்குள் இருந்தால் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. உங்கள் சைக்கிள் இந்த வகை என்றால் சட்டத்தின் கண்ணில் அது சைக்கிள்தான். பையன் ஓட்டியது 40, 50 கிலோமீட்டர் போகும் வண்டி என்றால் அது மோட்டார் வாகனம். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் இது பாதிப் பதில்தான். மோட்டார் வாகனம் இல்லை என்பதால் எல்லாப் பொது இடத்திலும் ஓட்டிக்கொண்டு போகும் உரிமை தானாக வந்துவிடாது. ஏரிக்கரை ரோடு அல்ல. தண்ணீரைத் தாங்கி நிற்கப் போட்ட மண் அணை. அதன்மேல் நடப்பதும் மாடு ஓட்டுவதும் காலம் காலமாக இருக்கும் வழக்கம். அதில் புதிதாக ஒன்று சேரும்போது, கரைக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டுத்தான் சேர வேண்டும்.

அப்படியானால் கரைக்குப் பொறுப்பு யார்? பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு மேல் உள்ள ஏரிகள் நீர்வளத் துறை வசம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. சர்வே எண்ணைச் சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்த்தால், அந்த இடம் ஏரிப் புறம்போக்கா, வண்டிப்பாதைப் புறம்போக்கா என்பது தெரியும். சில ஊர்களில் கரையை ஒட்டியே தனி வண்டிப்பாதை பதிவாகியிருக்கும். முள் மண்டிப் போனதால் மறந்திருப்பார்கள். அப்படி இருந்தால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்; முள்ளை வெட்டினால் போதும்.

எப்படிப் பார்த்தாலும், தனியாட்களோ சங்கமோ துறையைக் கேட்காமல் பொதுக் கரையில் கல் நடுவது சரியல்ல. அதேபோல, நீங்களாக அந்தக் கல்லைப் பிடுங்குவதும் சரியல்ல. பிடுங்கினால் பேச்சு கல்லைப் பற்றித்தான் இருக்கும், பாதையைப் பற்றி இருக்காது.

அடுத்தது, கரை கெடுமா? காய்ந்த கரையில், பால் கேனோடு போகும் ஒரு சைக்கிளால் பெரிதாக ஒன்றும் ஆகாது. டிராக்டர், பைக், நண்டு வளை, எலி வளை ஆகியவை செய்யும் சேதம் இதைவிடப் பல மடங்கு. ஆனால் மழை பெய்து ஊறிய கரையில் கதை வேறு. தினமும் ஒரே தடத்தில் சக்கரம் போனால் கோடு விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டில் தேங்கி, தாழ்வான இடமாகப் பார்த்துச் சரிவில் இறங்கும். அப்படித்தான் கரையில் அரிப்பு ஆரம்பிக்கிறது. பேட்டரி சைக்கிள் சாதாரண சைக்கிளைவிடக் கனம். ஆக்சிலேட்டரை முறுக்கி ஏறும்போது பின் சக்கரம் சுழன்று மண்ணைத் தோண்டவும் செய்யும். ஆக, ஆயக்கட்டுக்காரர்களின் பயம் மழை நாளுக்குப் பொருந்தும். கோடை நாளுக்குப் பொருந்தாது.

கடைசியாக வேகம். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 7 மீட்டர், அதாவது 23 அடி போய்விடும். எதிரே மாடு வருவதைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க நமக்கு ஆகும் நேரமே ஏறக்குறைய ஒரு விநாடி. 10 கிலோமீட்டர் வேகம் என்றால் அதே நேரத்தில் 9 அடிதான். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும். ரோட்டுக்கு 25 குறைந்த வேகம்தான். ஆறடி அகலக் கரைக்கு அது அதிகம். போதாக்குறைக்கு இந்த வண்டியில் சத்தமும் இல்லை. பின்னால் வருவது மாட்டுக்கும் தெரியாது, காது மந்தமான பெரியவருக்கும் தெரியாது.

இப்போது என்ன செய்யலாம்? நேரில் சண்டை போடாமல், கிராம சபையில் பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம் நடக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரிக்கரையைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. கூட்டத்துக்கு முன்பே ஆயக்கட்டுக்காரர்களில் நான்கு பேரையும், அடிபட்ட பெரியவர் வீட்டையும் பார்த்துப் பேசிவிடுங்கள். தீர்மானம் இப்படி இருக்கலாம்:

1. எந்த மதகிலிருந்து எந்த இடம் வரை என்று பாதையின் எல்லையைக் குறிப்பிட வேண்டும். "கரை முழுவதும்" என்று எழுத வேண்டாம்.

2. மிதி சைக்கிள், 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட பேட்டரி சைக்கிள், மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர வண்டி ஆகியவை மட்டும் போகலாம். பைக், ஸ்கூட்டர், டிராக்டர் கூடாது.

3. வேகம் 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. மீட்டர் இல்லாத வண்டிக்கு, ஆள் மெதுவாக ஓடும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

4. மாடு, ஆடு, தலைச்சுமைக்காரர், முதியவர், குழந்தை எதிரே வந்தால் சைக்கிள்காரர்தான் இறங்கி நிற்க வேண்டும். பின்னாலிருந்து வந்தால் தூரத்திலேயே பெல் அடித்து, அவர் ஒதுங்கிய பிறகே கடக்க வேண்டும்.

5. மதகு, கலிங்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

6. மழை பெய்தால் கரை காயும்வரை ஓட்டக் கூடாது. நடந்து பார்த்து, செருப்பில் மண் அப்பினால் அன்று ரோடு வழிதான்.

7. இருட்டிய பிறகு லைட் இல்லாமல் போகக் கூடாது.

இந்தத் தீர்மான நகலோடு, ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்த அலுவலகத்தில் அனுமதி கேட்டு மனு கொடுங்கள். நீர்வளத் துறை என்றால் உதவிப் பொறியாளர், ஒன்றியம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். தடுப்பு வேண்டும் என்றால் அவர்களே முறையாகப் போடட்டும். நான்கு அடி இடைவெளி விட்டால் மாடும் பால் கேன் கட்டிய சைக்கிளும் நுழையும், டிராக்டரும் காரும் நுழையாது. பராமரிப்பு இயந்திரம் வர வேண்டியிருப்பதால் கழற்றக்கூடிய தடுப்பாக இருப்பது நல்லது. பைக்கைத் தடுக்கும் அளவுக்குக் குறுக்கினால் உங்கள் கேனும் தடுபடும். அதைக் கல்லால் தடுக்க முடியாது, ஊர்க் கட்டுப்பாட்டால்தான் முடியும். ஒன்று மட்டும் கவனம்: மீறியவருக்கு ஊராகச் சேர்ந்து அபராதம் போடுவது சட்டப்படி நிற்காது. முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை துறைக்கோ காவல் நிலையத்துக்கோ புகார் என்று எழுதுங்கள்.

கேள்வி: "என் மகனுக்கு 15 வயது. பள்ளிக்கூடம் போக பேட்டரி வண்டி கேட்கிறான். லைசென்ஸ் தேவையில்லாத வண்டிதான், ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் 45 போகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?"
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அளவுக்குட்பட்ட பேட்டரி சைக்கிளை வாங்கலாம். ஒயரைக் கழற்றச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். வேகப் பூட்டை எடுத்த நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். 250 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் மட்டும் அது சைக்கிள் ஆகிவிடாது.

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைப் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளை மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இதைவிடப் பெரிய சுமை இன்னொன்று. யாருக்காவது அடிபட்டால், இன்சூரன்ஸ் இல்லாததால் நஷ்டஈடு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த ஏக்கரே போய்விடும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். மோட்டார்மேல் பொறித்திருக்கும் திறனைப் படியுங்கள். காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்து 25-க்குக் கீழ் வேகம் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஹெல்மெட் இதற்குச் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: "மலைக்கிராமத்தில் இருக்கிறோம். கடுக்காய், தேன், சீமாறு எடுத்துச் சந்தைக்குக் கொண்டு போவோம். காட்டுப் பாதையில் 7 கிலோமீட்டர். சாதாரண சைக்கிளில் போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பேட்டரி சைக்கிளில் போனபோது வனக்காவலர் நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரியா?"
– ஒரு வாசகர், சத்தியமங்கலம் வனப்பகுதி, ஈரோடு மாவட்டம்

பதில்: அவர் நிறுத்திக் கேட்டது தவறில்லை. அதற்காக உங்களுக்கு உரிமையே இல்லை என்றும் ஆகாது.

மோட்டார் வாகன விதி ரோட்டுக்கானது. காட்டுக்குள் வனச் சட்டம் பேசும். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, சரணாலயத்துக்குள்ளும் புலிகள் காப்பகத்துக்குள்ளும் யார் போகலாம் என்று சொல்கிறது. அனுமதி பெற்றவர், உள்ளே நிலம் அல்லது வீடு உரிமை உள்ளவர், அவரைச் சார்ந்தவர், பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவர் ஆகியோர் போகலாம். அந்த நெடுஞ்சாலையில் நேரக் கட்டுப்பாடு இருந்தால் அதையும் மதிக்க வேண்டும். பந்திப்பூர் வழியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை தடை இருக்கிறது. திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு.

உங்களுக்கு இன்னொரு சட்டமும் துணை நிற்கிறது. அது 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அதன் 2008-ம் ஆண்டு விதிகளில், சிறு வனப் பொருளைத் தலைச்சுமையாகவும், சைக்கிளிலும், கைவண்டியிலும் கொண்டு போகலாம் என்று எழுதியிருந்தார்கள். மோட்டார் வாகனத்துக்குத் தனிக் கட்டுப்பாடு. 2012-ல் அதைத் திருத்தி, "ஏற்ற போக்குவரத்து" மூலம் கொண்டு போகலாம் என்று விரித்தார்கள். பேட்டரி சைக்கிள் என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் ஏற்றது எது என்று பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. உங்கள் கிராமத்துக்குச் சமூக வன உரிமை கிடைத்திருந்தால், வன உரிமை கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். எந்தப் பாதை, எந்த மாதங்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை வண்டி என்று எழுதி வனச்சரகரிடம் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். உரிமை இன்னும் கிடைக்கவில்லை என்றால், முதலில் அதற்கு மனு போடுவதுதான் வழி.

சட்டத்தைவிட முக்கியமான ஒன்று யானை. நடந்து போகிறவரின் காலடிச் சத்தமும் பேச்சும் மிருகத்துக்கு முன்கூட்டியே சேதி சொல்லிவிடும். சத்தமில்லாமல், நடப்பதைவிட நான்கு மடங்கு வேகத்தில் வளைவு திரும்பும் வண்டி, மிருகத்தின் எதிரிலேயே போய் நிற்கும். திரும்பவும் நேரம் இருக்காது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2016 ஜூன் மாதம், வனப்பாதையில் வேகமாகச் சைக்கிளில் வந்த ஒருவர் எதிர்பாராமல் கரடிமேல் மோதி, அது தாக்கியதில் இறந்துபோனார். அதில் பேட்டரிகூட இல்லை. வேகமும் மறைவும் சேர்ந்ததே போதுமாக இருந்தது. அதனால் விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் போகாதீர்கள். வளைவுக்கு முன் இறங்கி, குரல் கொடுத்து, பார்த்து நகருங்கள். பலாப்பழம் போல வாசனை தூக்கும் சுமை இருக்கும் நாளில் ரோடு வழியே போங்கள்.

கேள்வி: "அமெரிக்காவில் காடு, மலை என்று எல்லாப் பொது நிலத்திலும் பேட்டரி சைக்கிளுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம் ஊரில் மட்டும் ஏன் இத்தனை தடை?"
– ஒரு வாசகர், கோயம்புத்தூர் மாவட்டம்

பதில்: வந்த செய்தியில் பாதிதான் உண்மை. அங்கே பல மாநிலங்களில் பேட்டரி சைக்கிளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மிதித்தால் மட்டும் மோட்டார் உதவி, மணிக்கு 32 கிலோமீட்டரில் நின்றுவிடும் என்பது முதல் வகை. மிதிக்காமலே ஆக்சிலேட்டரில் அதே வேகம் போவது இரண்டாவது. மிதித்தால் 45 கிலோமீட்டர் வரை உதவுவது மூன்றாவது.

2019 ஆகஸ்டில் அந்நாட்டு உள்துறை அமைச்சகம், சாதாரண சைக்கிள் போகும் இடங்களில் இவற்றையும் விடலாம் என்று உத்தரவிட்டது உண்மை. ஆனால் 2020-ல் விதியாக வந்தபோது, எந்தப் பாதையில் விடுவது என்ற முடிவு அந்தந்த இடத்து அதிகாரியின் கையில் வைக்கப்பட்டது. 24 கோடி ஏக்கருக்கு மேல் பொது நிலத்தைக் கவனித்து, மேய்ச்சலுக்கும் விடுகிற நில நிர்வாகத் துறையில், அதிகாரி தனியாக முடிவெடுத்து அறிவிக்காதவரை பேட்டரி சைக்கிள் மோட்டார் வண்டிக் கணக்கில்தான் சேரும். 19 கோடி ஏக்கர் காட்டைப் பார்க்கும் வனத்துறையும் அதை மோட்டார் வாகனமாகவே வைத்திருக்கிறது. ஒதுக்கிய பாதையில் மட்டும்தான் போகலாம். 1964-ம் ஆண்டுச் சட்டப்படி காக்கப்படும் வனாந்தரங்களில் சாதாரண சைக்கிளுக்கே இடமில்லை. தேசியப் பூங்காக்களுக்கான விதியை எதிர்த்து வழக்கும் நடந்தது. சுற்றுச்சூழல் பாதிப்பைச் சரியாக ஆராயவில்லை என்று 2022-ல் நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது.

அங்கேயும் பேச்சு நம் ஏரிக்கரைப் பேச்சுதான். நடக்கிறவர்கள், குதிரையில் போகிறவர்கள், மாடு மேய்ப்பவர்கள் ஒரு பக்கம். வயதாகியும் மலை ஏறிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மறுபக்கம். அவர்கள் கண்ட வழி, வண்டியை வகை பிரிப்பது, பிறகு பாதை பாதையாக முடிவெடுப்பது. மொத்தமாக விடு என்பதும் இல்லை, மொத்தமாகத் தடு என்பதும் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு பாதைச் சண்டை வந்து, பேசித் தீர்த்திருந்தால் அந்தத் தீர்மானத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற ஊர்களுக்குப் பயன்படும். பால் கொண்டு போகும் சகோதரிக்கு இன்னொரு வார்த்தை: தீர்மானத்தை எழுதும்போது அடிபட்ட பெரியவரையும் அருகில் உட்கார வையுங்கள். நான்காவது விதியை அவர் சொல்லி எழுதினால், ஊரில் அதை மீற எல்லோரும் யோசிப்பார்கள்.